வாசகர் கேள்வி: இலுப்பைக் கொட்டை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஊர்ப் பூங்காவுக்காக நாட்டு மரக்கன்று வளர்க்கிறோம். ஆடியில் பொறுக்கிய இலுப்பைக் கொட்டையைக் காயவைத்துப் புரட்டாசியில் ஊன்றினோம், ஒன்றுகூட முளைக்கவில்லை. சரக்கொன்றையும் அப்படியே கிடக்கிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இலுப்பைக் கொட்டைக்கு ஆயுசு ரொம்பக் குறைவு அம்மா. ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும், அதனால் இரண்டு மாதம் காத்திருக்காது. வேப்பங்கொட்டையும் அப்படித்தான், ஓரிரு வாரம் தாண்டினால் நம்ப முடியாது. அடுத்த ஆனி, ஆடியில் மரத்தடியில் புதுசாக உதிர்ந்த பழமாகப் பார்த்துப் பொறுக்கி, அன்றைக்கே சதையைக் கழுவி, மறுநாளே பாக்கெட்டில் ஊன்றிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு என்று கலந்தால் போதும்.

கொன்றை இதற்கு நேர் எதிர். வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் உயிரோடு இருக்கும், ஆனால் தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே போகாது. ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். ஆவாரைக்கும் இதே வைத்தியம்தான்.

நம்ம பக்கத்து உடை மரத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், குடை விரித்த மாதிரி நிற்குமே, அந்தக் குடைவேல்தான் (சீமைக்கருவேல் வேறு, அது வெளிநாட்டிலிருந்து வந்தது). உடை நெத்தை (காய்ந்த காயை) ஆடு விரும்பித் தின்னும், அதன் வயிற்றில் ஊறி வெளியே வரும் விதை சுலபமாக முளைக்கும், எனவே கிடை போட்ட இடத்துக்கு, அதாவது ராத்திரி மந்தையை அடைத்து வைக்கும் இடத்துக்குப் போய், மந்தையை மேய்க்கும் கீதாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொஞ்சம் விதை அள்ளி வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த மரம், மானாவாரிக் காட்டில் அதன் நிழலில் உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

நொச்சிக்கு விதையே தேடாதீர்கள். விரல் தடிமனில் ஒரு முழக் குச்சி வெட்டி ஊன்றினாலே வேர்விடும். பூவரசுக்கும் கிளுவைக்கும் போத்துதான், அதாவது வெட்டி நடும் கிளைதான்.

கேள்வி: பனையையும் பாக்கெட்டில் வளர்க்கலாமா? கன்றுகளை எப்போது நடுவது?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: பனை வேண்டாம். முளை வந்ததும் கீழே இறங்கிக் கிழங்கு வைக்கிற பயிர், பாக்கெட்டில் அதற்கு இடமே கிடையாது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போதே கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதைத்துவிடுங்கள், அப்புறம் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டக் கிளம்புகிற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மற்ற கன்றுகளுக்கு ஐப்பசி. தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலை நம்பி நடலாம், உங்கள் ஊர்ப்பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். முதல் இரண்டு மழை பெய்து மண் ஒரு முழ ஆழம் நனைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டு நடுங்கள்.