கொடி, கரி, பீரங்கி: பத்தொன்பதாம் நூற்றாண்டு அரபுக் கடலோரம் பற்றிச் சில கேள்விகள்

சில வாரங்களாகச் சேர்ந்துபோன கேள்விகளில் அரபுக் கடலோரம் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்துப் பதில் எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும், சிலவற்றைச் சுருக்க மனசு வரவில்லை.

துபாயில் வேலை பார்க்கிறேன். துபாய், ஷார்ஜா, ராஸ் அல் கைமா, பஹ்ரைன் என்று எங்கே பார்த்தாலும் கொடி சிவப்பு வெள்ளையாகவே இருக்கிறதே, ஏன்?

பிரிட்டிஷாரோடு செய்த ஒரு ஒப்பந்தத்தின் மூன்றாவது ஷரத்துதான் காரணம். 1819 டிசம்பரில் பம்பாயிலிருந்து ஜெனரல் வில்லியம் கிராண்ட் கெய்ர் தலைமையில் ஏறத்தாழ 3000 பேர் கொண்ட படை வந்து ராஸ் அல் கைமாவைப் பிடித்தது. கோட்டைகளை இடித்தார்கள், கலங்களை எரித்தார்கள். 1820 ஜனவரி 8 தொடங்கி ஒவ்வொரு ஷேக்காக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அரபுகள் அங்கே ஏற்கெனவே சிவப்புக் கொடிதான் பிடித்து வந்தார்கள். இனி அந்தச் சிவப்பைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்க வேண்டும், வெள்ளையின் அகலம் சிவப்பின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், எழுத்து பொறிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று அந்த ஷரத்து சொல்கிறது. துணியின் அளவு வரை போய்விட்டார்கள் பாருங்கள்.

ஐந்தாவது ஷரத்து இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு கலத்திலும் ஷேக் கையெழுத்திட்ட பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். அதில் கலத்தின் பெயர், நீளம், அகலம், எவ்வளவு சரக்கு கொள்ளும் என்பதெல்லாம் வேண்டும். துறைமுகம் விட்டுக் கிளம்பும்போது இன்னொரு சீட்டு. அதில் உரிமையாளர் யார், நகுதா (கலத்தை ஓட்டும் தலைவர்) யார், ஆள் எத்தனை, ஆயுதம் எத்தனை, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுத வேண்டும். கடலில் பிரிட்டிஷ் கப்பல் மறித்தால் இரண்டையும் காட்ட வேண்டும். அந்த நகுதாவின் தாத்தா இதே தண்ணீரில் யாரிடமும் எதையும் காட்டாமல் போய் வந்தவர். பீரங்கியைவிட இந்தச் சீட்டுதான் அங்கே பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

ராஸ் அல் கைமாக்காரர்கள் உண்மையிலேயே கடற்கொள்ளையர்களா, இல்லை ஆங்கிலேயர் கட்டிவிட்ட பெயரா?

இரண்டில் ஒன்றைச் சொல்லி முடிக்க முடியாது. 1808இல் மினெர்வா என்ற கப்பலைக் காசிமிகள் (ராஸ் அல் கைமாவை ஆண்ட குலத்தார்) பிடித்தார்கள், அதுபோல வேறு தாக்குதல்களும் நடந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களுக்கும் மஸ்கட்டுக்கும் நடுவே வியாபாரப் போட்டியும் நீண்ட கடற்சண்டையும் இருந்தன. மஸ்கட் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூட்டாளி. கூட்டாளி பீரங்கி வைத்தால் அது போர், எதிரி வைத்தால் கொள்ளை என்றே பம்பாய் ஆவணங்கள் எழுதிக்கொண்டு போகின்றன. ஷார்ஜாவின் இன்றைய ஆட்சியாளர், காசிமி குடும்பத்தவர், இந்தப் பட்டத்தை மறுத்து ஒரு ஆய்வேடே எழுதியிருக்கிறார். அவர் வாதம் முழுவதையும் ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் 'கொள்ளையர் கடற்கரை' என்ற பழைய பெயரை யோசிக்காமல் சொல்வது இப்போது கடினம்.

அப்புறம் ஒன்று. 1835இல் ஷேக்குகள் கடல் சமாதானத்துக்கு ஒத்துக்கொண்டது பயத்தால் மட்டும் நடந்ததில்லை. முத்துக்குளிப்புப் பருவத்தில் சண்டை நடந்தால் எல்லாருக்கும் சோறு போய்விடும். முதலில் அந்தப் பருவத்துக்கு மட்டும் உடன்பாடு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள், 1843இல் பத்து ஆண்டுக்கு, 1853இல் நிரந்தரமாக. நிலத்தில் அடித்துக்கொள்வதை அது தடுக்கவில்லை, கடலில் மட்டும் கூடாது. அந்தக் கரைக்கு ட்ரூஷியல் கோஸ்ட் (ட்ரூஸ் என்றால் சண்டை நிறுத்தம்) என்று பெயர் வந்ததும் இந்தச் சமாதானத்தால்தான்.

நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் மஸ்கட் வழியாகப் போனது என்கிறார்களே?

போகவில்லை, போகப் பார்த்தது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து மஸ்கட் ஆட்சியாளருக்கு எழுதிய கடிதத்தோடு திப்புவுக்கான கடிதத்தையும் அனுப்பினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கிக்கொண்டது. மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்புவும் மாண்டார். அதற்கு முன்பே, 1798 அக்டோபரில், பிரெஞ்சுக்காரருக்கு இடம் தருவதில்லை என்று மஸ்கட்டின் சுல்தான் பின் அஹ்மத் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அரபுக் கரையில் பிரிட்டன் இவ்வளவு அக்கறை காட்டத் தொடங்கியது மைசூரையும் எகிப்தையும் நினைத்துத்தான்.

ஏடனைப் பிடிக்க ஒரு மதராஸ் கப்பல்தான் காரணம் என்று படித்தேன். சரியா?

சாக்கு என்று சொன்னால் சரி. 1837இல் தூரியா தௌலத் என்ற மதராஸ் கப்பல், பிரிட்டிஷ் கொடியோடு ஹஜ் பயணிகளை ஏற்றிப் போனபோது, ஏடன் அருகே தரைதட்டியது. கரையிலிருந்தவர்கள் கப்பலைக் கொள்ளையடித்தார்கள், பயணிகளை அவமானப்படுத்தினார்கள். பம்பாய் அரசு இந்தியக் கடற்படைக் கேப்டன் ஹெய்ன்ஸை அனுப்பி 12,000 டாலர் நஷ்டஈடு கேட்டது. (டாலர் என்றால் அங்கே மரியா தெரசா வெள்ளி நாணயம்.) பேச்சு நஷ்டஈட்டிலிருந்து சீக்கிரமே துறைமுகத்துக்குத் தாவியது. ஆண்டுக்கு 8,700 டாலருக்கு ஏடனைத் தந்துவிட அதை ஆண்ட லஹெஜ் சுல்தான் முஹ்ஸின் ஒத்துக்கொண்டார், பிறகு அவர் தரப்பு பின்வாங்கியது. 1839 ஜனவரி 19 அன்று வோலேஜ், குரூசர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் சுட்டன, படை இறங்கியது, சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. விக்டோரியா அரசியின் ஆட்சியில் பேரரசோடு சேர்ந்த முதல் நிலம் அதுதான். அப்போது அந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை.

உண்மைக் காரணம் கரி. 1830இல் ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பல் பம்பாயிலிருந்து சூயஸுக்குக் கிளம்பியது. ஐந்தாறு நாளைக்கான கரிதான் அதில் கொள்ளும். ஏடனுக்கோ பதினோரு நாள் ஓட வேண்டும். ஆகவே கிடைத்த இடத்திலெல்லாம் கரியை அடைத்து, கப்பல் தண்ணீரில் ஆழ இறங்கிக் கிடக்க, அப்படியே ஓட்டினார்கள். ஏடன் சேர்ந்தபோது கையிருப்பு ஆறு மணி நேரக் கரி! நடுவில் ஒரு கரிக் கிடங்கு இல்லாமல் இந்த வழி நடக்காது என்று அன்றே தெரிந்துபோயிற்று. 1835இல் சொகோத்ரா தீவை முயன்றார்கள். அங்கே சுல்தான் விற்க மறுத்தார், இறங்கிய சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்தார்கள், திரும்பினார்கள். இதற்கு நடுவே எகிப்தின் முகமது அலி பாஷாவின் படை யெமன் கரையில் இறங்கிவந்தது. அவர் கை ஏடன் வரை நீளுமுன் முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்தது.

ஹெய்ன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டு அந்த ஊரைக் கட்டி நிறுத்தினார். 1854இல் கணக்கில் பெருந்தொகை குறைகிறது என்று பம்பாய்க்கு அழைத்துப் போனார்கள். மோசடிக் குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தது, ஆனால் கடனுக்காகச் சிறையில் வைத்தார்கள். 1860இல் வெளியே விட்ட சில நாட்களிலேயே இறந்துபோனார். அவருக்குப் போதுமான எழுத்தர்களைக்கூடக் கொடுக்காத அரசு, கணக்கை மட்டும் அவ்வளவு கறாராகக் கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெரிம் தீவை ஒரு விருந்துச் சாப்பாட்டில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து தட்டிப் பறித்த கதை நிஜமா?

ஏடனில் விருந்துண்ட பிரெஞ்சுக் கேப்டன் பெரிமைப் பிடிக்கப்போவதை உளறிவிட்டார், மேஜையிலிருந்தே ஆளனுப்பி ராத்திரியோடு ராத்திரியாக ஆங்கிலேயர் கொடி நட்டுவிட்டார்கள் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, நம்ப வேண்டாம். சூயஸ் கால்வாய்ப் பேச்சு சூடுபிடித்ததாலும் செங்கடல் வாயிலில் கலங்கரை விளக்கம் தேவைப்பட்டதாலும் மேலிடத்து உத்தரவின்படி 1857 ஜனவரியில் பிடித்தார்கள். 1799இலேயே ஒருமுறை படை வைத்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் விட்டுப்போன தீவு அது.

மஸ்கட்டில் பிரான்சும் பிரிட்டனும் மோதிக்கொண்டது எதற்காக?

1862 மார்ச் 10 அன்று பாரிஸில் இரண்டு நாடுகளும் மஸ்கட், சான்சிபார் சுல்தான்களின் சுதந்திரத்தை மதிப்போம் என்று அறிக்கையில் கையெழுத்திட்டன. மறுநாளே, மார்ச் 11, அதே பாரிஸில், ஏடனுக்கு எதிரே ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஒபோக்கைப் பிரான்ஸ் 10,000 மரியா தெரசா டாலருக்கு வாங்கியது. ஜிபூத்தியின் தொடக்கம் அதுதான்.

1891இல் சுல்தான் ஃபைசல் பின் துர்க்கி, தன் நிலத்தில் எதையும் பிரிட்டனுக்கன்றி வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று ரகசியமாக எழுதிக் கொடுத்தார். 1898இல் மஸ்கட்டுக்குச் சில மைல் தள்ளியிருந்த பந்தர் ஜிஸ்ஸாவில் கரிக் கிடங்கு வைக்கப் பிரான்சுக்கு அனுமதியும் கொடுத்தார். 1899 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அட்மிரல் டக்ளஸ் வந்தார். கப்பலுக்கு நேரில் வந்து பார், இல்லையென்றால் அரண்மனை மேல் குண்டு விழும் என்று கெடு வைத்தார். தன் குடிமக்கள் கரையிலிருந்து பார்த்திருக்க, சுல்தான் படகேறிப் போய் அனுமதியை ரத்து செய்தார். பாரிஸில் எழுந்த கூச்சலை அடக்க, மஸ்கட் அருகே தன்னிடமிருந்த கரிக் கிடங்கில் ஒரு பாதியைப் பிரிட்டன் பிரான்சுக்கு விட்டது. இரு வல்லரசும் கொட்டகையைப் பங்கிட்டுக்கொண்டன, அவமானம் முழுவதும் ஃபைசலுக்கு.

இதோடு கொடிச் சண்டை வேறு. அடிமைகளை ஏற்றுகிறார்களா என்று பிரிட்டிஷ் கப்பல்கள் கலங்களைச் சோதிக்கும். பிரெஞ்சுக் கொடி பறந்தால் அந்தச் சோதனைக்குப் பிரான்ஸ் ஒத்துக்கொள்ளாது. ஓமானின் சூர் துறைமுக ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு பிரெஞ்சுக் கொடியும் காகிதமும் வாங்கிவந்தார்கள். இவர்கள் யார் குடிமக்கள் என்ற கேள்வி ஹேக் நடுவர் மன்றம் வரை போய், 1905 ஆகஸ்ட் 8இல் தீர்ப்பு வந்தது: 1892 ஜனவரி 2க்குப் பிறகு பிரான்ஸ் புதிதாகக் கொடி தரக் கூடாது, 1863க்கு முன்பே பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

குவைத் எப்படி இந்த வலையில் வந்தது?

தானாக வந்தது. குவைத்தை ஆண்ட ஷேக் முபாரக் ஒட்டோமான் துருக்கியருக்கு அஞ்சிப் பிரிட்டனின் கதவைப் பலமுறை தட்டினார், பிரிட்டன் தயங்கியது. பெர்சியக் குடா வரை ரயில் போடும் பேச்சு ருஷ்யர் பக்கமும் ஜெர்மானியர் பக்கமும் கிளம்பியதும் தயக்கம் போயிற்று. 1899 ஜனவரி 23இல் 15,000 ரூபாய்க்கு ரகசிய ஒப்பந்தம்: பிரிட்டன் சம்மதிக்காமல் நிலம் தரக் கூடாது, வேறு நாட்டுப் பிரதிநிதியை ஏற்கக் கூடாது. 1901இல் ஒட்டோமான் போர்க்கப்பல் சுஹாஃப் வந்தபோது பிரிட்டிஷ் கப்பல் பெர்சியஸ் அங்கே நின்றிருந்தது, படையை இறக்க விடவில்லை. அந்த ஒப்பந்தம் முடிந்தது 1961 ஜூன் 19இல், குவைத் சுதந்திரம் பெற்ற அன்று.