சிறுநீரக மாற்று செய்தவருக்கு நுரையீரலில் பூஞ்சை என்று எப்படி உறுதிசெய்வார்கள்?

அப்பாவுக்குச் சளியில் டிபி கிருமி இல்லை, ஆனாலும் டிபி மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் கோபிப் பக்கம் எங்கள் மாமாவுக்கு இதேதான் நடந்தது. அவரும் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர்.

மழையில் நனைந்து அடியில் பூசணம் பூத்திருந்த சோளத்தட்டுப் போரைப் பிரித்து அடுக்கினார். இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் ஒரு நிழல். நம் ஊரில் டிபிதானே அதிகம் என்று மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வாரமாகியும் காய்ச்சல் விடவில்லை. அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை இறக்கிவிடும்; மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் காக்கும் மருந்து அது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் கோயம்புத்தூருக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில் ஒரே நிழலாக இருந்தது சிடியில் நாலைந்து முடிச்சாகத் தெரிந்தது. ஒன்றில் குழி விழத் தொடங்கியிருந்தது. இரத்தத்தில் காலக்டோமன்னன் என்ற பூஞ்சைப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள், நெகட்டிவ். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் நுரையீரல் மருத்துவர் விடவில்லை. வெள்ளணு குறையாதவர்களுக்கு இரத்தத்தில் அது பலமுறை பிடிபடாது, நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில் பார்க்க வேண்டும் என்று, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்தார். அதில் பாசிட்டிவ். நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் அன்றே தெரிந்தன. வளர்ப்புச் சோதனையில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை என்று வர ஐந்து நாளானது.

இன்னொன்று, மியூகார் என்ற வேறு வகைப் பூஞ்சை காலக்டோமன்னன் சோதனையில் தெரியவே தெரியாது. அதற்கு இழையின் அகலத்தையும் கிளைவிடும் கோணத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மியூகாருக்கு வேலை செய்யாது. அதனால் எந்தப் பூஞ்சை என்று தெரிவது அவ்வளவு முக்கியம்.

எங்களுக்கு அந்த வோரிகோனசோலையும் உடனே கொடுக்க முடியவில்லை. ரிஃபாம்பிசின் அதையும் அழித்துவிடும், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் மருந்தை அழிக்கும் அந்த வேகம் தணியாது. அதுவரை லிபோசோமல் ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து. சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து என்று தெரிந்தே ஏற்றினார்கள். அப்புறம் வோரிகோனசோல் தொடங்கியபோது டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள், வோரிகோனசோல் இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடுமாம். மாமா பிழைத்தார். கிரியாட்டினின் மட்டும் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை.

சில நேரம் உண்மையிலேயே டிபியாக இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் மாத்திரைக்கு முன் சிடியும் பிராங்கோஸ்கோபியும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மாற்று செய்த மருத்துவரிடமும் இன்றே பேசிவிடுங்கள். சமீபத்தில் சோளத்தட்டு, குப்பைமேடு, மஞ்சள் மூட்டை என்று தூசியில் நின்றாரா என்று அப்பாவிடம் விசாரித்து அதையும் சொல்லுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.