சம்பளமில்லாமல் கூடுதல் நேரம் உழைக்கும் டெவலப்பர்களுக்கு நியாயமான பரிசு எது?

கேள்வி கேட்டவர் கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். அவருடைய டீமில் மூன்று பேர் இரண்டு மாதமாக ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து ஒரு புராஜெக்டை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஓ.டி., அதாவது கூடுதல் நேரக் கூலி, கிடையாது. கம்பெனி ஒரு சின்னத் தொகை ஒதுக்கியிருக்கிறது. கிஃப்ட் வவுச்சர் கொடுக்கலாமா, விருந்து வைக்கலாமா, மேடையில் கூப்பிட்டுச் சான்றிதழ் தரலாமா என்று கேட்கிறார்.

அந்த மூன்று பேரும் எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தார்கள்? உங்கள் கேள்வியில் அது மட்டும் இல்லை. முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். பரிசு என்ற பேச்சே அதற்குப் பிறகு தேவைப்படாது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வர வேண்டியது கூலி.

என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் 22 வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். அங்கே 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். டி.வி. மேல் ஒரு பாக்கெட் டைரி எப்போதும் இருக்கும், அதன் முதுகில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பால்பாயிண்ட் பேனா. வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும், சோறு போட்டுக்கொள்வதற்கு முன்னால், அம்மா அதில் ஒரே ஒரு எண் எழுதுவார். 1, அல்லது 1½, சில நாள் 2. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை 8.30-க்குப் போய் சாயங்காலம் 5.30-க்கு வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி 8.30 வரை நின்றால் ஒன்றரை. ஏற்றுமதி அவசரம் என்று நடுராத்திரியைத் தாண்டினால் ரெண்டு.

சனிக்கிழமை சம்பளக் கவர் வந்ததும் டைரியையும் கவரையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்பார். அரை ஷிப்ட் குறைந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசரிடம் போய் நிற்பார். "ஏனுங்க, வியாழக்கெழமை எட்டரை வரைக்கும் இருந்தனுங்க, அரை ஷிப்ட் உட்டுப்போச்சுங்க." அவரும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுவிடுவார். கோபம் கிடையாது, கெஞ்சல் கிடையாது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. கூலியைக் கேட்க அங்கே யாரும் கூச்சப்பட்டுப் பார்த்ததில்லை.

நான் படித்து சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். 2019-ல் ஒரு அமெரிக்க கிளையன்டுக்கு மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குச் சாயங்காலம் 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30. நம் பொழுது முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பொழுது விடியும், புதுச் சந்தேகங்களோடு கூப்பிடுவார்கள். ராத்திரி 11 மணிக்கு சத்தி ரோட்டுப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் தின்றுவிட்டுத் திரும்பவும் மேலே ஏறுவோம். ஞாயிறும் அப்படியே போனது.

அங்கே டைம்ஷீட் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். 9 என்று போட்டால் கட்டம் சிவப்பாகும், சப்மிட் ஆகாது. முதல் வாரம் லீடைக் கேட்டேன். "எட்டுன்னே போட்டுருங்க, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார். போட்டேன். மூன்று மாதமும் எட்டு, எட்டு, எட்டு.

வேலை முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை எங்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழும் 2,000 ரூபாய் வவுச்சரும் கொடுத்தார்கள். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். சந்தோஷமாக வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார். அப்புறம் கேட்டார்.

"செரி கண்ணு, ஓட்டி எவ்வளவு போட்டாங்க?"

"எங்களுக்கு ஓ.டி. இல்லீங்ம்மா."

"மூணு மாசமா ராத்திரி பூராவும் இருந்தியே, அது?"

"அது கணக்குல வராது."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எழுதியாச்சும் வெச்சிருக்கறயா?" என்றார்.

எழுதி வைக்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிய புரோகிராம் கமிட் ஆன (பதிவான) நேரம், மெயில் போன நேரம், கால் முடிந்த நேரம் எல்லாவற்றையும் எடுத்து நாள்வாரியாக எழுதினேன். கூடுதலாக 140 மணி நேரம். அப்போது என் சம்பளம் 52,000 ரூபாய். 26 நாள், நாளைக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 250. இரட்டிப்பாகப் பார்த்தால் 500. ஆக 70,000 ரூபாய். எனக்குக் கிடைத்தது 2,000 ரூபாய் வவுச்சர், அதையும் அவர்கள் சொன்ன கடைகளில்தான் செலவழிக்க முடியும்.

ஏன் இரட்டிப்பு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1947-ம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. 14-வது பிரிவு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. 31-வது பிரிவு, அதற்கு மேல் செய்யும் வேலைக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும் என்கிறது. தொழிற்சாலைகளுக்கும் 1948-ம் வருஷச் சட்டத்திலிருந்தே இரட்டிப்புதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது கிடையாது என்று எங்கள் யாருக்கும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஹெச்.ஆர். சொன்னது, நாங்கள் நம்பினோம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் நேற்றுக் காலேஜ் முடித்து வந்து புரோகிராமில் பிழை சரிபார்க்கிற பையன் யாரை நிர்வாகம் செய்கிறான்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திருப்பூரைக் கோயிலாக்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. அம்மாவின் கம்பெனியில் 5.30-லிருந்து 8.30 வரை மூன்று மணி நேரத்துக்கு நான்கு மணி நேரக் கூலி. சட்டப்படியான இரட்டிப்புக்கு அது எட்டாது. ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் நடந்தது என்பதை இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார்கள். எங்களிடம் அதுகூட இல்லை.

டெவலப்பர் ஓ.டி. கேட்பது உலகத்தில் எங்கேயும் வழக்கமில்லை என்பார்கள். அமெரிக்காவில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனியில் வேலை செய்தவரின் வருங்கால மனைவி, 2004-ல் அவர் படும் பாட்டை இணையத்தில் கடிதமாக எழுதினார். அந்தச் சமயத்தில் ஓ.டி. வழக்குகளும் நடந்தன. 2005-ல் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலர், 2006-ல் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் கொடுத்துத்தான் கம்பெனி வழக்கை முடித்தது. சான்றிதழும் வவுச்சரும் கொடுத்து அதை முடிக்க முடியவில்லை.

இப்போது நீங்கள் யோசிக்கும் மேடைக்கு வருகிறேன். எங்கள் டீமில் ஒரு அக்கா இருந்தார். அன்னூர்ப் பக்கம் வீடு, இரண்டாவது படிக்கிற குழந்தை. 6 மணிக்குக் கிளம்பிவிடுவார். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு 9.30-க்கு லாகின் செய்து ஒரு மணி வரை வேலை பார்ப்பார். காலையில் நாங்கள் வரும்போது முதல் நாள் உடைந்து கிடந்தது சரியாகியிருக்கும். மேடையில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. ராத்திரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் மேலே இருப்பவர்களின் கண்ணில் பட்டார்கள். அதே மேடையில் பரிசு வாங்கிய ஒருவர் அவசரமாக எழுதிய புரோகிராமால்தான் நாங்கள் இரண்டு ஞாயிறு வந்து உட்கார்ந்தோம். அக்கா கை தட்டிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விருந்தும் சான்றிதழும் கூடாது என்றில்லை. மனிதருக்குப் பாராட்டு வேண்டும். கூலி கொடுத்த பிறகு பாராட்டுங்கள், மனதில் தங்கும்.

இன்று நான் பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் ஆறு பேருக்கு லீட். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கான ஆர்டர், ஸ்டாக் கணக்குச் சாஃப்ட்வேர் செய்கிறோம். சேரும்போதே முதலாளியிடம் பேசினேன். அவர் குடும்பம் ஒரு காலத்தில் மில் நடத்தியது, அதனால் ஷிப்ட் கணக்கு அவருக்குப் புதிதில்லை. "காசு எச்சாப் போகுமே" என்றுதான் முதலில் தயங்கினார். முதல் காலாண்டு முழுக்க மணிக் கணக்கை மட்டும் எழுதினோம், பணம் பேசவில்லை. கணக்கைப் பார்த்ததும் அவரே கேட்டார்: "ஒரே கிளையன்டுக்கு இவ்வளவு நேரமா?" அந்த வேலைக்கு விலை சொல்லும்போதே பாதி நாள்தான் போட்டிருந்தோம். குறைத்துச் சொன்ன விலையை எங்கள் ஆட்கள் தூக்கத்தில் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை அந்த கிளையன்டிடம் விலையை ஏற்றிக் கேட்டார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. வாரம் 48 மணிக்கு மேல் போனால், ஆபீஸோ வீடோ, அவரவர் எழுதுவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். மாதக் கடைசியில் இரட்டிப்புப் பணமா, ஒரு மணிக்கு இரண்டு மணி லீவா என்று அவர்களே சொல்லலாம். லீவு என்றால் அடுத்த 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் பணமாக மாறிவிடும். வேறு இடங்களில் காம்ப் ஆஃப், அதாவது கூடுதல் வேலைக்கு ஈடான லீவு, எல்லாம் காலாவதியாகிச் செத்ததைப் பார்த்துத்தான் இதைச் சேர்த்தோம். ராத்திரி உட்கார்ந்து புது வெர்ஷனை ரிலீஸ் செய்தவர் மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும். ஆன்கால் வாரத்துக்கு, அதாவது எந்த நேரம் கூப்பிட்டாலும் வேலை பார்க்கத் தயாராக இருக்கும் வாரத்துக்கு, தனித் தொகை, போன் வந்தாலும் வராவிட்டாலும். அந்த ஏழு நாள் அவர் ஒரு கல்யாணத்துக்குக்கூட லேப்டாப் இல்லாமல் போக முடியாதே.

உங்கள் மூன்று பேருக்கும் இன்றே செய்யக்கூடியது இருக்கிறது. கமிட், மெயில், கால் பதிவுகளை வைத்து அவர்களோடு உட்கார்ந்து இரண்டு மாத மணிக் கணக்கை எழுதுங்கள். அந்தத் தாளோடு மேலே போங்கள். ஒதுக்கிய தொகை போதாது என்றால், அந்தத் தொகையை மணிக் கணக்குப்படி மூவருக்கும் பிரித்துச் சம்பளத்தோடு பணமாகப் போடச் சொல்லுங்கள், மிச்சத்துக்குச் சம்பளத்தோடு கூடிய லீவு கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முடியாது என்றுவிட்டால், அதை அந்த மூவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு, நாளையிலிருந்து அவர்களை 6 மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. லீடாக அது உங்கள் கையில்தான் இருக்கிறது. தேதி தள்ளிப்போனால் ஏன் தள்ளிப்போகிறது என்று கிளையன்டிடம் நீங்களே பேசுங்கள்.

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் தடவை மணிக் கணக்கைக் கொண்டுவந்து தந்தாள். 3½ என்று எழுதி, அழித்து, 3 ஆக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நடுவுல டீ குடிக்கப் போனனுங்க" என்றாள். பேனாவை வாங்கி மறுபடியும் 3½ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.