உடம்பைப் பார்த்துச் சந்தேகப்படலாமா? – கடிதம்

வணக்கம் சார்,

டாலஸ் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் பையன் ஹைஸ்கூலில் ஃபுட்பால் ஆடுகிறான். நம் ஊர் ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். அவன் புண்ணியத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என்எஃப்எல் (அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்) பார்க்கப் பழகிவிட்டேன். போன வாரம், 150 கிலோ இருக்கும் ஒரு லைன்மேன் (முன்வரிசையில் நின்று எதிராளியோடு முட்டி மோதுகிறவன்) பந்து வைத்திருந்தவனை நாற்பது யார்டு துரத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்து, "இதெல்லாம் சாப்பிட்டு வந்த உடம்பா? எல்லாம் ஊசி" என்று சொல்லிவிட்டேன். பையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆதாரம் இருக்காப்பா? டெஸ்ட் பண்றாங்க, மாட்டினா சஸ்பெண்ட் பண்றாங்க. சும்மா சொல்லாதீங்க" என்று எழுந்து போய்விட்டான்.

ஊக்கமருந்துக்காகச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் இருந்து ஏழு டூர் டி ஃபிரான்ஸ் பட்டங்களையும் பிடுங்கினார்கள். பேஸ்பாலில் பாரி பாண்ட்ஸுக்கு, பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கதவு இன்னும் திறக்கவில்லை. ஃபுட்பாலில் மட்டும் மாட்டினவனைச் சில ஆட்டங்கள் உட்கார வைக்கிறார்கள், திரும்பி வந்ததும் கைதட்டி வரவேற்கிறார்கள். ஏன் இந்தச் சலுகை? நான் சந்தேகப்படுவது தப்பா?

கே.,
டாலஸ்

*

அன்புள்ள கே.,

சந்தேகம் தப்பில்லை. அதை யார் மேல் வைக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. டிவியில் தெரியும் ஒரு ஆளின் தொடையையும் கழுத்தையும் பார்த்து முடிவு கட்டுவது சுலபம். மருந்து யார் கையில் இருந்து வந்தது, யார் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் கதை வேறு மாதிரி போகும்.

எங்கே ஆரம்பித்தது என்று முதலில் சொல்கிறேன். 1963 கோடையில் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி, கலிஃபோர்னியாவில் வெயிலும் பாம்பும் நிறைந்த ஒரு வறண்ட பண்ணையில் பயிற்சி முகாம் போட்டது. பயிற்சியாளர் சிட் கில்மன். அவர் அந்த வருடம் புதிதாக ஒருவரைக் கூட்டி வந்தார்: ஆல்வின் ராய், எடைப் பயிற்சி சொல்லித்தருபவர். அமெரிக்க பளுதூக்கும் அணியோடு இருந்தவர் என்பதால், ரஷ்யர்கள் என்ன சாப்பிட்டு அந்தப் பலத்தைக் கொண்டுவருகிறார்கள் என்ற விவரம் அவருக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் கிண்ணம் கிண்ணமாக இளஞ்சிவப்பு மாத்திரைகள் வைக்கப்பட்டன. டயனபால், அதாவது தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு. உப்பு, மிளகுத்தூள் மாதிரி சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்றாக அது இருந்தது. வீரர்களும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு வீரர் அந்த மாத்திரையைத் தன் டாக்டரிடம் காட்டி விசாரித்த பிறகுதான் அதன் ஆபத்து வெளியே வந்தது. ரான் மிக்ஸ் என்ற லைன்மேன் அணிக்கு முன்னால் எழுந்து விஷயத்தைச் சொன்னார். அதன்பின் கட்டாயம் போனது; மாத்திரை போகவில்லை, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அந்த சீசன் இறுதி ஆட்டத்தில் சார்ஜர்ஸ் பாஸ்டனை 51-10 என்று நொறுக்கி பட்டம் வென்றது. கில்மன் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். மிக்ஸும்தான். அன்றைக்கு இதைத் தடுக்கும் விதி எதுவும் லீக்கில் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதியை மீறியதாக யாரையும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் மருந்தைக் கொடுத்தது சம்பளம் கொடுத்த அணி, கொடுத்த இடம் சாப்பாட்டு மேஜை. இந்த ஆட்டத்தில் ஊக்கமருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, எப்போதும் வீரனின் ஒழுக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல்.

என்எஃப்எல் சோதனையைத் தொடங்கியது 1987-ல். தண்டனை வந்தது 1989-ல். வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்பது 1990-ல். அதாவது அந்தக் கிண்ணத்துக்கும் முதல் சஸ்பென்ஷனுக்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் ஆடியவர்களில் ஒருவர் லைல் ஆல்சாடோ. முரட்டுத்தனத்துக்குப் பேர்போன டிஃபென்ஸ் வீரர். கேட்டபோதெல்லாம் இல்லை என்று மறுத்தவர், 1991-ல் மூளையில் கட்டி வந்த பிறகு 'நான் பொய் சொன்னேன்' என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டையிலேயே ஒப்புக்கொண்டார். 1969-ல் தொடங்கி நிறுத்தவே இல்லை என்றார். மறு வருடம் 43 வயதில் இறந்துபோனார். தன் நோய்க்கு ஸ்டீராய்டுதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். மருத்துவர்களால் அதை நிரூபிக்க முடியவில்லை. அந்த அட்டைப்படத்தைப் பார்த்து எத்தனையோ பள்ளிப் பையன்கள் பயந்து விலகியிருப்பார்கள். நல்லதுதான். ஆனாலும் நிரூபணம் நிரூபணம்தான்.

அப்புறம் உங்கள் 150 கிலோ ஆள். 1985-ல் சிகாகோ பேர்ஸ் அணியில் வில்லியம் பெர்ரி என்று ஒருவர் ஆடினார். 300 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 136 கிலோவைத் தாண்டிய உடம்பு. 'ஃப்ரிட்ஜ்' என்று பட்டப்பெயர் வைத்து நாடே வேடிக்கை பார்த்தது. இன்றைக்கு அதே எடையில் வரும் ஒரு லைன்மேனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அது அந்த இடத்துக்கான சாதாரண அளவு. இடையில் மருந்து மட்டுமா வந்தது? 1978-ல் விதியை மாற்றி, எதிராளியைத் தடுக்கும்போது கையை நீட்டித் தள்ளலாம் என்று விட்டார்கள். அன்றில் இருந்து அகலமும் எடையும் உள்ளவனுக்கு மவுசு கூடியது. எடைப் பயிற்சி பள்ளிக்கூடம் வரை இறங்கியது. நாடு முழுக்க சல்லடை போட்டு அப்படிப்பட்ட உடம்புகளைத் தேடி எடுக்கிறார்கள். தவிர, சோதனை கடுமையாக ஆக ஆக எடை கூடிக்கொண்டேதான் போயிருக்கிறது. எடையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

சந்தேகம் சரியாகவே இருந்தும் கணக்கு தப்பிப்போன கதை ஒன்று இருக்கிறது. பையனுக்குச் சொல்லுங்கள். டோனி மாண்டரிச், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக லைன்மேன். 1989 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) கிரீன் பே பேக்கர்ஸ் இரண்டாவது ஆளாக இவரை எடுத்தது. அந்த டிராஃப்டின் முதல் ஐந்து பேரில் மற்ற நான்கு பேரும் (ஏக்மன், பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ்) ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். மாண்டரிச் படுதோல்வி, சில வருடங்களில் அணி அவரைக் கழற்றிவிட்டது. 'பார்த்தீர்களா, லீக்கில் டெஸ்ட் வந்ததும் காற்றுப் போய்விட்டது' என்று ஊரே சிரித்தது. அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். 2008-ல்தான் ஒப்புக்கொண்டார்: கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்தது உண்மை. ஆனால் கிரீன் பேயில் தன்னைக் கவிழ்த்தது வலி மாத்திரையும் குடியும் என்றார். ஊர் பாதியைச் சரியாகக் கண்டுபிடித்தது. மீதிப் பாதியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. வலி மாத்திரைக்கு அடிமையான ஒரு லைன்மேன் யாருக்கும் ஆச்சரியமாகத் தெரியவில்லை.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. கரோலைனா பாந்தர்ஸ் 2004 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஆடியது. அந்த அணி வீரர்கள் சிலருக்குத் தென் கரோலைனாவில் ஒரு டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்திருந்தார். விஷயம் வெளிவந்தது லீக்கின் சோதனையால் இல்லை, அந்த டாக்டர் மேல் நடந்த விசாரணையால். அவர் சிறைக்கும் போனார். அதில் அடிபட்ட பெயர்களில் ஒன்று பன்ட்டருடையது. களத்துக்குள் வந்து பந்தை ஒரு உதை உதைத்துவிட்டு வெளியே போகிறவர். உங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பதினோரு பேரில் கடைசியாகத்தான் அவரைச் சந்தேகப்பட்டிருப்பீர்கள்.

சரி, சலுகை விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் பந்தயமும் ஒலிம்பிக்ஸும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதிக்குக் கட்டுப்பட்டவை. வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்தவனுக்கு அங்கே நான்கு வருடத் தடை. என்எஃப்எல் அதில் கையெழுத்துப் போடவில்லை. அதன் தண்டனை லீக்கும் வீரர் சங்கமும் பேரம் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம்: முதல் முறை ஸ்டீராய்டில் மாட்டினால் ஆறு ஆட்டம். 2020 ஒப்பந்தத்துக்கு முன்பு நான்குதான். வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை நடத்த 2011-ல் கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள். எப்படி, யார், எந்த அளவுகோல் என்று சண்டை போட்டு 2014-ல்தான் தொடங்கினார்கள். மூன்று வருடம்! 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் ஃபிளாக் ஃபுட்பால் (முட்டாமல், இடுப்பில் கட்டிய கொடியைப் பிடுங்கி ஆடுவது) வருகிறது, என்எஃப்எல் வீரர்கள் ஆட அணி உரிமையாளர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் கொடுக்கும் நட்சத்திரங்கள் வாடா விதிக்குள் வந்தாக வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ரசிகர்களின் கைதட்டல் பற்றி: பேஸ்பால் ரசிகனுக்கு எண்கள்தான் வேதம். ஹோம் ரன் சாதனையை மருந்து தொட்டதும் தாத்தா காலத்துப் புனிதம் கெட்டதாகக் கொதித்தான். ஃபுட்பால் லைன்மேனுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. முகமே ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது. 2006-ல் ஷான் மெரிமன் நான்கு ஆட்டம் தடைபட்டும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியதில் அந்த சீசன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார், நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்கும் போனார். வெட்கப்பட்டுத்தான் லீக் விதியை மாற்றியது. பிரையன் குஷிங் கதை இன்னும் வேடிக்கை. 2009-ன் சிறந்த புதுமுகத் தடுப்பு வீரர் விருது வாங்கியவர், 2010-ல் தடை. வாக்களித்த பத்திரிகையாளர்களைத் திரும்ப வாக்களிக்கச் சொன்னார்கள். வாக்கு குறைந்தது, விருது மறுபடியும் அவருக்கே போனது.

ஆடுகிறவன் நிலைமையையும் பாருங்கள். லீக் வாழ்க்கை சராசரியாக மூன்று சொச்சம் வருடம் என்கிறது வீரர் சங்கம். ஒப்பந்தத்தில் எழுதிய பணம் பெரும்பாலும் முழு உத்தரவாதம் இல்லாதது. முட்டி பிசகினால் அணி வெட்டிவிடலாம். அடுத்த ஞாயிறுக்குள் எழுந்து நிற்க, வலியை மறைக்கும் ஊசியை அணி டாக்டர் போட்டால் சிகிச்சை. சீக்கிரம் குணமாக வீரன் தானே ஒரு ஊசி தேடிப் போனால் ஏமாற்று. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, விதி விதிதான். ஆனால் முதல் ஊசியைப் பற்றி சோபாவில் இருந்து யாரும் கோபப்படுவதில்லையே.

கடைசியாக ஒரு வழக்கு. 2008-ல் மினசோட்டா வைகிங்ஸின் கெவின் வில்லியம்ஸ், பேட் வில்லியம்ஸ் இருவரும் மாட்டினார்கள். பெயர் ஒன்றுதானே தவிர சொந்தக்காரர்கள் இல்லை. சாப்பிட்டது ஸ்டார்கேப்ஸ் என்ற எடை குறைக்கும் மாத்திரை. டப்பாவில் பப்பாளி, பூண்டு என்று போட்டிருந்தது. உள்ளே பூமெட்டனைடு இருந்தது, சிறுநீர் பெருக்கும் மருந்து. மற்ற மருந்தின் தடயத்தை மறைக்கவும் உதவும் என்பதால் தடைசெய்யப்பட்டது. வழக்கு நடந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அந்த மாத்திரைக்குள் அது இருப்பது லீக்கின் ஊக்கமருந்துப் பிரிவுக்கு 2006-லேயே தெரியும். எடை குறைக்கும் மாத்திரைகளைத் தவிருங்கள் என்று பொதுவாகச் சொன்னார்கள், ஸ்டார்கேப்ஸ் என்று பெயரைச் சொல்லி வீரர்களை எச்சரிக்கவில்லை. என் சந்தேகத்தை நான் செலவழிப்பதென்றால் இங்கேதான் செலவழிப்பேன்.

நீங்கள் இருப்பது டெக்சஸ், பையனும் ஆடுகிறான் என்பதால் இன்னும் கொஞ்சம். 2003-ல் உங்கள் பக்கத்து பிளேனோவில் ஸ்டீராய்டு எடுத்துவந்த ஒரு பள்ளி மாணவன், பேஸ்பால் ஆடுகிறவன், தற்கொலை செய்துகொண்டான். அந்தக் குடும்பம் விடாமல் போராடியதும் சேர்ந்து, டெக்சஸ் தன் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு சோதனை கொண்டுவந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள், மாட்டியவர்கள் மிகச் சிலர். 2015-ல் இழுத்து மூடிவிட்டார்கள். சோதித்த விதமே ஓட்டை என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஆக, "டெஸ்ட் பண்றாங்க" என்ற உங்கள் பையனின் வாதம் என்எஃப்எல்லுக்குப் பொருந்தலாம், அவன் ஆடும் இடத்துக்குப் பொருந்தாது.

டிவியில் ஓடுகிறவனை விட்டுவிட்டு, பையன் எந்தப் புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடிக்கிறான் என்று பாருங்கள். டப்பாவில் 'என்எஸ்எஃப் சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' என்ற முத்திரை, அதாவது தடைசெய்த மருந்து இருக்கிறதா என்று சோதித்துத் தரும் முத்திரை, இருக்கிறதா? என்எஃப்எல் வீரர்களுக்கும் அதைப் பார்த்துத்தான் வாங்கச் சொல்கிறார்கள். இல்லையென்றால், அதை வாங்கச் சொன்னது யார் என்று கேளுங்கள். கூடப் படிக்கிறவன் என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கோச் என்றால் நேரில் போய்ப் பாருங்கள்.