பாட்டில் ஏன் நிறைந்தபடியே திரும்புகிறது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காலை ஏழரைக்கு பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வீடு. கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில்கூட அப்படியே திரும்பி வருகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், சிரித்ததை போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொன்னார்கள். திங்கட்கிழமை பழையபடி தலைவலி. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். 'பாகாயத்துல இடம் பிடிச்சு வைக்கட்டுமா' என்று வீட்டில் கிண்டல். மனசு அடங்க நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்.
— ஓர் ஆசிரியை, அணைக்கட்டு

பதில்: புத்தகம் கிடக்கட்டும் டீச்சர். போகிற போக்கில் பாட்டிலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். குடித்தால் போக வேண்டிவரும், போக இடம் சரியில்லை, அதனால் குடிப்பதில்லை. அதுதானே?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் காலியிடத்தில் இப்போது தண்ணீர் குடிக்காத டீச்சரைச் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வெயில் சதம் அடிக்கிற ஊரில், பகல் முழுக்கத் தொண்டை வறளக் கத்திவிட்டு ஒரு மிடறும் குடிக்காவிட்டால் தலை வலிக்கும், எரிச்சல் வரும், நாலாம் பீரியடில் 'ஏண்டா' என்று கேட்க வேண்டியது 'எருமை' என்று வரும். அடக்கி வைப்பதால் வருகிற நீர்க்கடுப்பு தனி. இதற்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்?

குடியாத்தத்தில் டீச்சராக இருந்த என் அத்தை, கடைவாயில் ஒரு துண்டு சித்தரத்தையை அடக்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் போவார். தொண்டை கட்டினால் அன்று கத்த மாட்டார். கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். அவரை யாரும் எந்தப் பயிற்சிக்கும் அனுப்பியதில்லை. ஆனால் அவருக்கு எமிஸும் (விவரங்களை ஏற்றச் சொல்கிற கல்வித்துறை இணையதளம்) கிடையாது, ராத்திரி ஒன்பதரைக்கு 'உடனே அனுப்பவும்' என்று கத்துகிற குரூப்பும் கிடையாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வேலைச் சோர்வுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது; நோய் என்று சொல்லவில்லை. பணியிடம் என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கோளாறு பள்ளியில் இருக்க, உங்களைச் சிரிக்கச் சொல்வது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே நிற்கிறவனுக்குத் தலை துவட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ம் பிரிவும் கல்வி சாராத வேலை என்று ஆசிரியர்களுக்கு மூன்றைத்தான் அனுமதிக்கிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். மற்ற படிவங்களெல்லாம் கல்விப் பணியா இல்லையா என்று உங்கள் சங்கம் வாதாடட்டும். சந்தா கட்டுகிறீர்கள் அல்லவா, கேளுங்கள்.

பாகாயம் பற்றி. சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கே இருப்பதால் அந்த ஊர்ப் பெயரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். கல்லடைப்புக்கு டாக்டரிடம் போனால் யாரும் சிரிப்பதில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, காலையில் எழவே பிடிக்கவில்லை என்கிற நிலை இருந்தால் பாகாயத்துக்குத்தான் போக வேண்டும், வெட்கப்படாமல். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கிண்டல் செய்கிறவர்களிடமும் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

உங்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. 14 வருஷமாகக் கழிவறையைப் பற்றி வாய் திறந்து கேட்டீர்களா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளும் அதே கழிவறைக்குத்தான் போகிறார்கள், அல்லது போகாமல் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதுவரை முதல் மணி அடிப்பதற்குள் அரை பாட்டில்.

ஆசிரியைகளுக்கென்று தனிக் கழிவறை இருந்து, அது பூட்டிக் கிடக்கிறதென்றால், சாவி யாரிடம் இருக்கிறது? அதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.