வீட்டுக்குப் பின்னால் தோட்டச் சாமான் வைக்கக் கொட்டகை போட வேண்டும். பலகையில் கட்டலாமா, கடையில் விற்கும் இரும்பு ஷெட் வாங்கலாமா?

பலகையோ இரும்போ, அதற்கு முன்னால் உங்கள் லாட்டில், அதாவது வீட்டு மனையில், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சொந்த நிலத்தில் தரைவீடு, பின்னால் கொஞ்சம் வாழை, கறிவேப்பிலை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சாயங்கால மழை கொட்டும்போது குடையோடு போய் நின்று பார்த்து, தண்ணீர் தேங்குகிற மூலையை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருடைய கத்தி, அம்மாவின் மண்வெட்டி, பாராங் என்கிற வெட்டுக்கத்தி, புல்வெட்டும் மெஷின் எல்லாம் நனையாமல் இருக்கத்தான் கொட்டகை போட்டேன். வேலை எடுத்தவர் கால்களெல்லாம் வைரம் பாய்ந்த காட்டு மரம் என்று பேசி முன்பணம் வாங்கிக்கொண்டு, பின்பக்கத்தில் ரப்பர் மரக் கால்களை நட்டுச் சாயம் அடித்துவிட்டுப் போய்விட்டார். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், கறையானும் வண்டும் தேடி வரும். கொஞ்ச நாளில் ஒரு காலின் மேல் பென்சில் பருமனுக்கு மண்கோடு ஏறியிருந்தது, சுரண்டினால் உள்ளே வெள்ளையாக ஊர்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால் நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது. அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. நானே அவற்றைப் பிடுங்கி, சிமெண்டுக் கால் ஊன்றி, தரைக்கு மேலே இரும்புத் தகடு வைத்துச் சட்டத்தை உட்கார வைத்தேன். இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது, பெருமையாகவே சொல்கிறேன்.

இரும்பு ஷெட் விற்பவர்களோடு எனக்குப் பகை இல்லை. கறையான் தொல்லை இல்லாதது பெரிய விஷயம்தான். ஆனால் தகடு மெல்லிசு, தரையோடு போல்ட் போட்டு இறுக்காவிட்டால் விடிகாலைக் காற்றுமழையில் நகர்ந்துவிடும். மேலே இரண்டு பக்கமும் காற்று போக வழி இல்லையென்றால் உள்ளே வேர்த்துத் தகரத்திலிருந்து சொட்டும், யூரியா மூட்டை கட்டி தட்டிப்போகும். கதவு தள்ளுவண்டி நுழையும் அகலம் இருக்க வேண்டும். அப்புறம் களைக்கொல்லியைப் பூட்டு போட்ட தனிப் பெட்டியில் வையுங்கள், தண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை இங்கே 2020 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள், பழைய போத்தல் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள்.

'சின்னக் கொட்டகைக்கு எதற்கு அனுமதி' என்று யாராவது வருவார்கள். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, கட்டடம் எழுப்ப ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. கவுண்டரில் கேட்டுவிடுவதில் என்ன நஷ்டம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மாமா வேலை செய்த தோட்டத்தை விற்றதும், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள், மாமா குடும்பத்துக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் ஒரு வீடு. ஆயுசு முழுக்க மண்ணில் வேலை செய்த மனிதர், மண்வெட்டி வைக்க இடமில்லாமல் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். உழைத்தவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்திருக்கக் கூடாதா? இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, லாட்டின் அளவையும் வடிகால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள், எங்கே வைக்கலாம் என்று சொல்கிறேன்.