சருமம் கேள்வி–பதில்: வீட்டுக்கு வரும் லேசர்

கேள்வி: எனக்கு வயது 44. கண்ணோரம் சுருக்கம் விழ ஆரம்பித்திருக்கிறது. வீட்டிலேயே பயன்படுத்தும் கையடக்க லேசர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விலை என் ஒரு மாதச் சம்பளம். போட்ட காசுக்குப் பலன் இருக்குமா?

முதலில் பெட்டியைத் திருப்பி, ஒளியின் அலைநீளத்தைச் சொல்லும் நானோமீட்டர் என்று எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள். 1410-லிருந்து 1450-க்குள் இருந்தால் அது தோலிலுள்ள நீரைச் சூடாக்கும் லேசர், சுருக்கத்துக்கென்று செய்யப்பட்டது. 808, 810 என்றால் பெரும்பாலும் முடி அகற்றும் டயோடு லேசர். அதே 808-ஐச் சிதறடித்து, சூடே தெரியாத அளவில் விடும் அழகுக் கருவிகளும் விற்பனையில் உண்டு. 630, 633 என்றால் அநேகமாகச் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. ‘500 முதல் 1200 வரை’ என்று ஒரு நீண்ட வரம்பு போட்டிருந்தால் ஐ.பி.எல். (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்); அது கேமரா ஃபிளாஷின் அண்ணன், லேசரே இல்லை. எண்ணே போடவில்லையா? பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் கருவி முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். அது தோலில் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைப் புள்ளிகளாகச் சூடு வைக்கும். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் தோல் சேதமில்லாமல் நின்று, சுட்ட இடத்தைச் சீக்கிரம் ஆற்றும். ஆறும்போது தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகும். மருத்துவமனை லேசரும் இதே வேலையைத்தான் செய்கிறது, வித்தியாசம் அளவில். அங்கே ஒரு புள்ளிக்கு 70 மில்லிஜூல் ஆற்றல் வரை போகலாம், சூடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கும். வீட்டுக் கருவியில் 5 முதல் 15 மில்லிஜூல்தான். ஆழமும் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மேற்பார்வை இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதற்காகவே இப்படிக் குறைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே சில அமர்வுகளில் முடிவதை இங்கே கிட்டத்தட்ட தினமும், மூன்று மாதம் செய்ய வேண்டும். நிறுத்தினால் வயது தன் வேலையைத் தொடரும்.

எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான்: மெல்லிய கோடுகள் கொஞ்சம் மங்கும், தோலின் சொரசொரப்பு குறையும். ஆழமான மடிப்பு, தொங்கும் தாடை, கண்ணுக்குக் கீழே இருக்கும் பை ஆகியவற்றில் ஒரு மாற்றமும் இருக்காது. விளம்பரத்தில் வரும் ‘முன், பின்’ படங்களில் பின்படத்துக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழுவதைக் கவனியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தை நேராக்கினாலே பாதிச் சுருக்கம் மறைந்துவிடும்.

சன்ஸ்கிரீனும் ட்ரெட்டினாயினும் (வைட்டமின் ஏ வகைக் களிம்பு) இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் லேசர் வாங்குவது வரிசை மாறிய செலவு. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து, 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிட தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பட்டாணி அளவெல்லாம் போதாது. ட்ரெட்டினாயின் 0.025 சதவீதத்தில், மருத்துவர் சீட்டோடு, இரவில் தொடங்குவது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இரண்டையும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்து, அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால், அப்போது கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வாங்கியே விட்டேன். எப்படிப் பயன்படுத்தினால் தப்பு வராது?

இரவில் செய்யுங்கள். முகம் கழுவி, கிரீம், எண்ணெய், பவுடர் எதுவும் இல்லாமல், ஈரம் போகத் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். ரெட்டினால், ட்ரெட்டினாயின், கிளைகாலிக் அமிலம் எல்லாவற்றையும் ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

முதல் நாள் முழு முகம் வேண்டாம். தாடைக்குக் கீழே, காதோரமாக, ஒரு கட்டைவிரல் அகலத்தில், மிகக் குறைந்த அளவில் மட்டும். வெளுத்த நிறமென்றால் 48 மணி நேரம் காத்திருந்தால் போதும். மாநிறமோ கருப்போ என்றால் ஒரு வாரம், ஏனென்றால் கருமை படிவது இரண்டாம் நாளில் தெரியாது. அந்த இடம் சுத்தமாக இருந்தால் முகத்தில் தொடங்கி, ஒரு வாரம் அதே அளவில் ஓட்டுங்கள்.

முனையைத் தோலில் முழுதாகப் பதித்து, மெதுவாக நகர்த்த வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: சுருக்கம் ஆழமாக இருக்கும் இடத்தில் கை தானாக நின்றுவிடும், அல்லது போன தடத்திலேயே திரும்ப வரும். சூட்டின் மேல் சூடு விழுந்தால் புள்ளிக்குப் புள்ளி இருந்த இடைவெளி போய்விடும், பிறகு அது தீக்காயம். சுருக்கென்று குத்துவது இயல்பு. எரிச்சல் நீடித்தால் நிறுத்துங்கள்.

மறுநாள் சிவப்பு, லேசான வீக்கம் வரும். இரண்டு, மூன்று நாளில் விரலால் தடவினால் மெல்லிய உப்புத்தாள் போலிருக்கும். உற்றுப்பார்த்தால் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவை சுட்டுச் செத்த துணுக்குகள், தானே உதிரும். ஸ்கிரப் போட்டுத் தேய்த்து உதிர்த்தால் அங்கே கருப்புப் படியும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போதும். வைட்டமின் சி சீரத்துக்கு அன்றிரவு விடுமுறை.

கண்ணிமையில் கூடவே கூடாது. விரலால் கண்ணைச் சுற்றித் தடவினால் எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும் அல்லவா, அதற்கு உள்ளே வராதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. கூசாததால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. 1440 கருவிழியின் மேற்பரப்பைத் தாக்கும், 810 விழித்திரை வரை போகும்.

கேள்வி: கன்னத்தில் மங்கு. லேசர் வைத்தால் போகுமா?

வீட்டில் வேண்டாம். மங்கைக் கிளறிவிடுவதில் வெயிலுக்கு அடுத்தபடி சூடும் ஒன்று. ஐ.பி.எல். அடித்தால் முதல் இரண்டு வாரம் வெளுத்ததுபோல் காட்டி, பிறகு இன்னும் அடர்த்தியாகத் திரும்பும் ஆபத்து உண்டு. நீல எல்.இ.டி.யும் ஆகாது; கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியே கருந்தோலில் நீடித்த கருமையை உண்டாக்கும். மங்குக்கு நிறம் கலந்த, அதாவது இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன்தான் முதல் மருந்து. மற்றது மருத்துவரிடம்.

கேள்வி: தாடையில் கருமுடி. நிறம் கருப்பு. ஐ.பி.எல். கருவியா, டயோடு லேசரா?

இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் எழுதினார்கள்: சரியான அலைநீளமும் சரியான ஒளித்துடிப்பு நேரமும் தேர்ந்தெடுத்தால், சுற்றுத் தோலை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சுடலாம். முடி விஷயத்தில் இலக்கு மெலனின், அதாவது கருநிறம் தரும் நிறமி. உங்கள் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. தோலிலும் மெலனின் நிறைய இருந்தால் ஒளி வேருக்குப் போகும் வழியிலேயே தோல் அதை வாங்கிக்கொள்கிறது. வேர் பிழைக்கும், தோல் வேகும்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-ல் தொடங்கிய தோல்வகை அட்டவணையில் இன்று 1 முதல் 6 வரை இருக்கிறது. எப்போதும் சிவந்து, கறுக்கவே கறுக்காதவர் 1. ஆழ்ந்த கருப்பு 6. வீட்டு டயோடு கருவிகள் பொதுவாக 4-ஓடு நிற்கும். ஐ.பி.எல். சிலது 5 வரை என்கிறது. அதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 5, 6 வகைக்கு ஏற்றது 1064 நானோமீட்டர் என்.டி. யாக் லேசர். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஒளி ஆழமாகவும் இறங்கும். அது மருத்துவமனையில்தான் கிடைக்கும். உங்களுக்குச் சொல்வதும் அதுவே.

இன்னொன்று. கருவியிலுள்ள நிறச் சென்சார் சிவப்பு விளக்கு காட்டி மறுத்தால், மணிக்கட்டின் உட்பக்க வெளுத்த தோலில் வைத்து ஏமாற்றிவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவோர் உண்டு. அந்த விளக்கு எரிவது பழுதினால் அல்ல.

மாநிறம் வரை உள்ள மற்ற வாசகர்களுக்கு: முந்தின நாள் ஷேவ் செய்யுங்கள். வேக்ஸிங், த்ரெட்டிங், பிடுங்கல் நான்கு வாரத்துக்கு வேண்டாம், வேரே இல்லாவிட்டால் ஒளி எதைச் சுடும்? வளரும் பருவத்திலிருக்கும் முடிதான் மாட்டும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு, மூன்று மாதம் ஆகும். நரைமுடிக்கும் செம்முடிக்கும் பலிக்காது. முகத்தில் மெல்லிய பூனைமுடி மட்டும் இருந்தால் தொடவே வேண்டாம். குறைந்த சூடு அதைத் தூண்டிக் கருமுடியாக்கிவிடுவதுண்டு. தாடையில் திடீரென்று முடி கூடி, மாதவிலக்கும் தவறினால் ஹார்மோன் சோதனைதான் முதலில். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல்) இருந்தால் எந்த லேசர் வைத்தாலும் புதுமுடி வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ‘எஃப்.டி.ஏ. கிளியர்டு’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பாதி நம்பலாம். எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்க அரசின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பு. ‘கிளியர்டு’ வேறு, ‘அப்ரூவ்டு’ வேறு. ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு கருவிக்கு இது நிகரானது என்று காட்டினாலே முதலாவது கிடைத்துவிடும். எதற்காகக் கிடைத்தது என்றும் பாருங்கள். கண்ணோரச் சுருக்கத்துக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி, தழும்பு, கருந்திட்டு, தொய்வு எல்லாம் போகும் என்று விளம்பரம் செய்வார்கள்.

கேள்வி: லேசர் பயமாக இருக்கிறது. சிவப்பு விளக்கு முகமூடி போதுமா?

பாதுகாப்பானதுதான், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சுமாரான பருவுக்கு நீலமும் (415) சிவப்பும் (633) சேர்ந்து ஓரளவு உதவும். சுருக்கத்துக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் (830) கொஞ்சம். முகமூடியில் எத்தனை விளக்கு என்பது முக்கியமில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று கேளுங்கள். 30 மில்லிவாட் என்றால் பத்து நிமிடத்துக்கு 30 × 600 = 18,000 மில்லிஜூல், அதாவது 18 ஜூல். 3 மில்லிவாட் முகமூடியில் அதே அளவு வர 100 நிமிடம் உட்கார வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாத நிறுவனம் அநேகமாகச் சொல்ல விரும்பாத நிறுவனம்.

சூடே தெரியாத 808 லேசருக்கும் இதேபோல் ஒரு நேரக் கணக்கு போட்டுப் பாருங்கள். முனை சிறியது. இடத்துக்கு 3 நிமிடம், முகத்தில் 20 இடம் என்றால் ஒரு மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் யாரால் முடியும்? கடைசியில் அது அலமாரிக்குத்தான் போகும்.

விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் இந்த முகமூடிகளைப் போட வேண்டாம். டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்று தோலின் ஒளிக்கூச்சத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுவோர் முகமூடிக்கும் லேசருக்கும் முன்னால் மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு ஐ.பி.எல். ஃபிளாஷ் ஆகாது.

கேள்வி: ஐ.பி.எல். அடித்தேன். காலில் செவ்வகம் செவ்வகமாகச் சிவந்து, இப்போது கருத்துவிட்டது. என்ன செய்ய?

செவ்வகம் என்பது கருவியின் ஜன்னல் அளவு. அளவு அதிகம் வைத்திருக்கிறீர்கள், அல்லது வெயிலில் கறுத்திருந்த காலில் அடித்திருக்கிறீர்கள். சுட்ட உடனே செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை கூடாது. கொப்புளம் எழுந்தால் உடைக்காமல் வாஸ்லைன் தடவி மூடி வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது இருப்பது அழற்சி விட்டுப்போன கருமை. அது மங்க மூன்று மாதமோ, ஒரு வருடமோ ஆகும். வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். அசெலாயிக் அமிலம் உதவும். ஸ்டீராய்டு கலந்த வெளுப்பு கிரீமை வாங்கித் தடவி இரண்டாவது சிக்கலை இழுத்துக்கொள்ளாதீர்கள். கருமை முழுக்கப் போகும்வரை அந்தக் கருவிக்கும் அந்தக் காலுக்கும் தொடர்பு வேண்டாம்.

கேள்வி: மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் ஓட்டலாமா?

கூடாது. இரண்டிலும் நிறமி குவிந்திருக்கிறது, தோல் வெந்துவிடும். மச்சத்தில் வேறோர் அபாயமும் இருக்கிறது: அது புற்றாக மாறிக்கொண்டிருந்தால், மேல்நிறம் வெளுத்து அடையாளம் மறைந்துவிடும். மச்சத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுச் சுற்றிச் செல்லுங்கள். தடித்த தழும்பு வளரும் உடம்புக்காரர்களும், அடிக்கடி வாயோரம் அக்கி வருபவர்களும் எந்த லேசருக்கும் முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாதி விலைக்குப் பழைய கருவி கிடைக்கிறது. வாங்கலாமா?

ஐ.பி.எல். என்றால் விளக்குக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் ஃபிளாஷ். மிச்சம் எத்தனை என்று கருவியிலோ அதன் செயலியிலோ காட்டினால் பாருங்கள், காட்டாவிட்டால் வேண்டாம். லேசர் என்றால் பேட்டரியையும் ஒளி வெளிவரும் ஜன்னலையும் பார்க்க வேண்டும். முனைக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கருகிய புள்ளி, கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த இடம் சூடேறித் தோலைச் சுடும். பிறகு கருவியை முடுக்கி, முனை தோலில் படாதபடி சுவரை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அமுக்குங்கள். அது சுடக்கூடாது. சுட்டால் தொடு சென்சார் போய்விட்டது. பாதி விலைக்கு இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.